வட்டத்தில் விட்ட வாசல்

துடைத்த தரை எங்கும் காய்ந்துவிட்டது, ஒரு பட்டையைத் தவிர. வெளிக்கதவில் தொடங்கிக் கூடத்தின் குறுக்கே சமையலறை வரை, ஓர் ஆள் நடந்து போகும் அகலத்துக்கு, சிமெண்டுத் தரை ஈரமாகவே கிடந்தது. சூயிங் முக்காலியிலிருந்து எழுந்து பழந்துணியால் அழுத்தித் துடைத்தாள், மின்விசிறியை அந்தப் பக்கம் திருப்பி வைத்தாள், குழாய் எங்கோ கசிகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஜூன் மாதத்துப் பெய்ஜிங்கில், பிழிந்த சட்டை கொடியில் போடுவதற்குள் காய்ந்துபோகிற வெக்கையில், அவள் திரும்பி வந்து உட்காருவதற்குள் அந்தப் பட்டை மறுபடி ஈரமாகிவிட்டது.

"விடேன். அது காயாது" என்றாள் வென் டீச்சர், கட்டிலில் உட்கார்ந்தபடி.

"வாயை மூடிக்கிட்டு உக்காருங்க டீச்சர்."

சூயிங்குக்குத் தெருக்குழுவில் வேலை. யார் வீட்டுக்கு யார் வந்தார்கள், யார் வீட்டில் சண்டை, யார் என்ன முணுமுணுத்தார்கள் என்று மோப்பம் பிடித்து மேலே சொல்கிற வேலை. கையில் சிவப்புப் பட்டை ஏறிவிட்டால் சொன்னதற்கு மேலேயே செய்கிறவள். ஜூன் முதல் வாரம் பிறந்தால் குழுவிலிருந்து ஒருத்தி வென் டீச்சர் வீட்டுக்குள் வந்து காவல் உட்கார வேண்டும். கீழே போலீஸ் கார் நிற்கும். டீச்சரின் போனைப் பிடுங்குவார்கள், தீப்பெட்டியைப் பிடுங்குவார்கள், எண்பது வயதுக் கிழவி ஒருத்திக்காக ஒரு பேரரசே தூக்கம் கெட்டு நிற்கும்.

போன வருடம் காவல் இருந்தவள் கொஞ்சம் கண்ணயர்ந்ததில் டீச்சர் செத்த மகனுக்கு எரித்த காகிதத்தின் புகை பால்கனி வழியாக வெளியே போய்விட்டது. அவளுக்கு வேலை போயிற்று, அவள் மகளுக்குக் கிடைக்கவிருந்த அரசாங்க வேலையும் போயிற்று. இந்த வருடம் சூயிங்கின் முறை. அவள் ஒரே மகன் ஹாவ்ரான் போலீஸ் கல்லூரிக்குத் தேறியிருக்கிறான், குடும்பம் எப்படிப்பட்டது என்ற விசாரணை இந்த வாரம்தான் நடக்கிறது. இந்த வீட்டில் ஒரு தீக்குச்சி உரசப்பட்டாலும் அவன் கதை முடிந்தது.

டீச்சரின் மகன் பெங் செத்தது எண்பத்தொன்பதில். ஜனநாயகம் வேண்டும் என்று மாணவர்கள் சதுக்கத்தில் பட்டினி கிடந்த வருடம் அது. ஜூன் மூன்றாம் தேதி இருட்டிய பிறகு ராணுவம் இந்தச் சாலை வழியாகத்தான் சுட்டுக்கொண்டே வந்தது. பத்தொன்பது வயதுப் பெங், பையன்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு இறங்கியவன், சந்திப்பு வரைக்கும்தான் போனான். அப்போது சூயிங் பத்து வயதுச் சிறுமி. பின்கட்டிடத்தில், இன்றைக்கும் அவள் குடியிருக்கிற அதே வீட்டில், கட்டிலுக்கு அடியில் கிடந்தாள். வெளியே சட்டியில் பயறு வெடிக்கிற மாதிரி சத்தம். லாரி டயர் வெடிக்குது, தூங்கு, என்றார் அப்பா. விடிந்ததும் சாலையைக் கழுவினார்கள். அதற்கப்புறம் அப்படி ஒன்று நடக்கவே இல்லை. பாடப் புத்தகத்தில் கிடையாது, பேப்பரில் கிடையாது, போனில் அந்தத் தேதியை எழுதி அனுப்பினால் போய்ச் சேராது. ஹாவ்ரானுக்கு ஒரு மண்ணும் தெரியாது. சூயிங் அவனிடம் மூச்சே விட்டதில்லை. பிள்ளையை அப்படி வளர்த்ததில் அவளுக்குப் பெருமைதான்.

இன்று பொழுது சாயும் நேரம் அவள் கழிப்பறைக்குப் போய்த் திரும்புவதற்குள் டீச்சர் காரியத்தைத் தொடங்கிவிட்டிருந்தாள். சாக்பீஸால் கூடத்து நடுவில் ஒரு பெரிய வட்டம். அதில் வெளிக்கதவைப் பார்த்து ஒரு முழம் இடம் விட்டிருந்தது. செத்தவர் வருகிற வாசல் அது. வட்டம் போட்டு, வாசல் விட்டு, உள்ளே காகிதப் பணம் எரித்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது இந்த ஊரில் எல்லோரும் செய்வதுதான், சூயிங்கே தன் அப்பாவுக்கு வருடா வருடம் செய்கிறாள். தெருச் சந்திப்பில் செய்ய வேண்டியது. ஆனால் பெங் விழுந்த இடத்தைப் பார்த்து ஒரு கேமரா மாட்டிவிட்டார்கள், அதனால் டீச்சர் கூடத்திலேயே வரைந்திருந்தாள். உள்ளே மஞ்சள் காகிதக் கட்டு. வட்டத்துக்கு வெளியே தனியாக நாலைந்து தாள்.

"பெங்கு, வாடா. வந்து வாங்கிக்கோ."

"அடுப்பே இல்லாம சோறு வைக்கிற மாதிரி என்ன கூத்து இது?" என்று சூயிங் பாய்ந்து வந்தாள்.

"நெருப்பைத்தான் புடுங்கிட்ட. பேரையும் புடுங்குவியா?"

"எடுங்க எல்லாத்தையும்."

"எம்புள்ளையோடதை எடுத்துக்கோ. வெளியில கெடக்குற தாளை மட்டும் தொடாதே. அது அன்னிக்குச் செத்த நாதியத்ததுங்களுக்கு. அம்மா அப்பா செத்துப்போனதுங்க, பயந்து வாயே தொறக்காத வீட்டுப் புள்ளைங்க. அதுங்க பங்கு வெளியில இருந்தா அதோட போயிரும். உள்ள வராது."

"எவனும் எங்கயும் இல்ல. எவனும் சாகவும் இல்ல" என்று சூயிங் வெளியே கிடந்த தாள்களை முதலில் பொறுக்கி, கசக்கி, மிச்ச நூடுல்ஸ் கொட்டிய குப்பை வாளியில் திணித்தாள். பிறகு துடைப்பானை நனைத்து வட்டத்தை அழிக்கத் தொடங்கினாள். சமையலறைப் பக்கத்துக் கோடு உடனே போய்விட்டது. வாசல் பக்கத்துக் கோடு எவ்வளவு தேய்த்தும் போகவில்லை, இடுப்பு விட்டுப்போனதும் அவளும் விட்டுவிட்டாள். கூப்பிட்ட பிறகு வட்டத்தை அழிக்கக் கூடாது என்பது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் செய்தாள், எரிச்சலில்.

அப்போதுதான் டீச்சர் சிரித்தாள். இத்தனை வருடத்தில் அந்த முகத்தில் சூயிங் சிரிப்பைப் பார்த்ததே இல்லை.

"நான் வாசல்தான்டி வச்சேன். நீ வழியே விட்டுட்ட."

அப்போது அது கிழவியின் உளறலாகப் பட்டது. இப்போது, ஈரம் காயாத அந்தப் பட்டையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த சூயிங் அது போகிற வழியைக் கண்ணால் தொடர்ந்தாள். பட்டை வெளிக்கதவில் தொடங்கி, டீச்சர் விட்ட வாசல் வழியாக வட்டத்துக்குள் நுழைந்து, தான் அழித்த பக்கமாக வெளியேறி, நேரே சமையலறைக்குப் போகிறது. சமையலறை ஜன்னலுக்கு எதிரே, முற்றத்துக்கு அந்தப் பக்கம், பின்கட்டிடம். அங்கே நாலாவது மாடியில் அவள் வீடு.

மாடிப்படியில் சைக்கிள் மணி அடித்தது.

இந்தக் காலத்தில் யாரிடமும் இல்லாத கனத்த இரும்பு மணி, கட்டைவிரலால் நெம்பி அடிக்கிற பழைய மணி, கீழே எங்கோ ஒரு தரம் ஒலித்து, பிறகு ஒரு மாடி மேலே வந்து இன்னொரு தரம் ஒலித்தது. லிஃப்ட் இல்லாத கட்டிடத்தில் இந்த வேளையில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறவன் யார்? சூயிங் கதவில் காதை வைத்தாள். மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது, ஒருவர் மூச்சு இல்லை, பலபேர் மூச்சு, ரப்பர்ச் செருப்புகள் தேய்கிற சத்தம், எதையோ கனமாக, துவளுகிற எதையோ, நாலைந்து பேர் சேர்ந்து பிடித்துக்கொண்டு ஏறுகிற சத்தம். கதவிடுக்கு வழியாக டயர் எரிந்த நாற்றமும் டீசல் நாற்றமும், அடியில் இறைச்சிக்கடைத் தரையைக் கழுவிவிட்ட வாடையும் வந்தன. அவள் தாழ்ப்பாளைத் தடவிப் பார்த்தாள். போட்டுத்தான் இருந்தது.

"டீச்சர், யாரை வரச் சொன்னீங்க?"

"எம்புள்ளையை."

"கூட யாரு?"

"நீதான் சொல்லணும். பங்கைக் குப்பையில போட்டவ நீ."

ஈரப் பட்டையில் ஒரு கால் பதிந்தது. வெறுங்கால். ஐந்து விரலும் தெளிவாக. அடுத்தது செருப்புக் கால். அதற்குப் பக்கத்திலேயே இழுத்துக்கொண்டு போன கோடு. கதவு திறக்கவில்லை, காற்று அசையவில்லை, தடங்கள் மட்டும் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்து விழுந்து அவள் முன்னால் கடந்து சமையலறைக்குள் போயின. அங்கே தண்ணீர்க் கெட்டில் மூடி தூக்கப்படுகிற சத்தம். மடக் மடக்கென்று விழுங்குகிற சத்தம். ஒரு தொண்டை. இன்னொரு தொண்டை. பிறகு காலிக் கெட்டிலை ஆட்டிப் பார்க்கிற சத்தம்.

பிறகு அமைதி.

சூயிங் சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். யாரும் இல்லை. தடங்கள் ஜன்னல் வரை போய் முடிந்திருந்தன. முற்றத்துக்கு அப்பால் அவள் வீட்டு ஜன்னலில் விளக்கு எரிந்தது. மேசையில் குனிந்து ஹாவ்ரான் படித்துக்கொண்டிருந்தான், வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். அவனைப் பார்த்ததும் அவளுக்கு உயிர் திரும்பி வந்தது.

பின்கட்டிடத்தின் படிக்கட்டு விளக்குகள் காலடிச் சத்தம் கேட்டால் தானாக எரிகிறவை. கீழ்த்தள விளக்கு எரிந்தது. முதல் மாடி விளக்கு எரிந்தது.

அவள் போனை எடுத்தாள். மகன் எண்ணை அழுத்தினாள்.

இரண்டாவது மாடி.

"என்னம்மா?"

"என்னடா பண்ற?"

"படிக்கிறேன். நீ அங்க கெழவிக்குத் தாலாட்டு பாடுறியா?"

மூன்றாவது மாடி. நாலாவது மாடி.

"அம்மா, இரு. யாரோ கதவைத் தட்டுறாங்க."

சொல்லிவிடலாம். அவர்கள் யார் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் இது தெருக்குழு போன். இந்த வாரம் குழுவினர் போன்களில் பேசுவதை எல்லாம் ஒருவர் உட்கார்ந்து கேட்கிறார். அவளே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். விசாரணை நடக்கிற வாரத்தில், அவள் குரலில், அந்தப் பேச்சு. முப்பது வருடமாக எல்லோரிடமும் சொன்னதையே வாய் தானாகச் சொல்லியது.

"யாரும் இல்லடா."

"தட்டுறது கேக்குதும்மா."

"யாரும் இல்ல. ஒண்ணும் நடக்கல. நீ படி."

"யாரும் இல்லேன்னா தொறந்து பாத்தா என்ன இப்போ? தண்ணி கேக்குறாங்க பாவம். என் வயசுப் பசங்க மாதிரி இருக்கு."

"தொறக்காதே!"

"ஏன்? யாரு அவங்க?"

ஜன்னலில் அவன் எழுந்தான். ஒரு கையில் போன், ஒரு கையில் நீல விளிம்புக் குவளை. தண்ணீர் எடுத்துக்கொண்டு போகிறான். யாருக்குக் கதவைத் திறக்கக் கூடாது என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

"ஹாவ்ரான், அவங்க செத்தவங்கடா! எண்பத்தொம்பதுல, ஜூன் மாசம், நம்ம ரோட்டுல சுட்டுக் கொன்ன புள்ளைங்க..."

போன் செத்துக் கிடந்தது. எந்தச் சொல்லில் அறுந்தது என்று தெரியவில்லை. மறுபடி அழுத்தினாள். இனிமையான ஒரு பெண் குரல். அப்படி ஓர் எண் இல்லை. மறுபடி அழுத்தினாள். அப்படி ஓர் எண் இல்லை.

அங்கே கதவு திறந்தது.

ஒருவன் வந்தான். இன்னொருவன். இருவர் சேர்ந்து ஒருவனைத் தூக்கிக்கொண்டு. ஒரு பெண். பிறகு நிற்கவே இல்லை. வந்தார்கள். வந்தார்கள். அறை நிறைந்தது. மேசை மறைந்தது. கண்ணாடியில் முகங்கள் ஒட்டிக்கொண்டன. எல்லாம் இந்தப் பக்கம் பார்த்தன.

டீச்சர் அவள் தோளருகே வந்து நின்றாள். கண் சரியாகத் தெரியாத கிழவி, எக்கிப் பார்த்து, உடனே கை நீட்டினாள்.

"அதோ எம்புள்ள. இடது ஓரம்." குரலில் தாய்ப்பாசம் வழிந்தது. பிறகு திரும்பிக் கேட்டாள். "உம்புள்ள எது?"

சூயிங் பார்த்தாள். இந்த முகம். இல்லை. அந்த முகம். இல்லை. எல்லாம் பத்தொன்பது வயது. எல்லாம் வெள்ளைச் சட்டை. எல்லா நெஞ்சிலும் கறுப்பாக ஈரம் இறங்கிக்கொண்டிருந்தது. எல்லா வாயும் ஒன்றாகத் திறந்து மூடியது. பெற்றவள் கண் ஒவ்வொன்றாகத் தேடித் தேடிப் போய், கடைசி முகத்திலிருந்து மறுபடி முதல் முகத்துக்கு வந்தது.

காதில் அந்தப் பெண் குரல், அப்படி ஓர் எண் இல்லை, அப்படி ஓர் எண் இல்லை.

கண்ணாடிக்கு அப்பால் நீல விளிம்புக் குவளை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு, அதிலிருந்து அடுத்த கைக்கு, மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. முதலில் அதை வைத்திருந்த கை எது என்று அவளுக்குத் தெரியவில்லை.