கூரியரில் வந்த வம்சாவளி

காலை மணி 11.20. தையல் மெஷின் மேல் வைத்த உறையைக் காணவில்லை.

தையல்காரி பிறந்த ஒன்பதாம் நாள் தத்துப்போனவள். பெற்றவர்கள் யார் என்ற கேள்வி ஐம்பத்திரண்டு வருஷமாக அவளை அரித்துக்கொண்டிருந்தது. பதில் சொல்லும் வம்சாவளிப் படம் ஆவணக் காப்பகத்திலிருந்து இன்றைக்குத்தான் வந்தது. நாளை அவள் மகனுக்குப் பதிவுத் திருமணம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை, பாவம்.

பக்கத்து வீட்டு ஏட்டம்மா வந்தாள். போலீஸிலிருந்து ஓய்வுபெற்றும் நோட்டுப் புத்தகத்தை விடாதவள்.

"உறை எப்ப வந்தது?"

"பத்து பத்துக்கு. பிரிக்கறதுக்குள்ள, 'அத்தை, உடுப்பு ரெடியா?'ன்னு கல்யாணப் பொண்ணு வந்துட்டா. நான் உள்ள போய் இஸ்திரி போட்டேன். அரை மணி நேரம்."

ஏட்டம்மா தையல்காரியின் மகனிடம் திரும்பினாள். பஸ் டிரைவர்.

"நீ எங்க இருந்த?"

"மாடியில. தூங்கிட்டிருந்தேன்."

"அம்மாவுக்குப் புதுசா சொந்தம் முளைக்கறது உனக்குப் பிடிக்கலையாமே?"

"பிடிக்கலைதான். அதுக்காகத் திருடுவேனா?"

அடுத்தது கல்யாணப் பெண். நர்ஸ்.

"நீ?"

"இங்கதான் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் திறந்திருந்துச்சு."

தையல்காரி உடைந்து அழுதாள். பெண் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"அழாதீங்க பெரியம்மா. முதல்ல இதைக் குடிங்க."

ஏட்டம்மா நோட்டை மூடினாள். அவளுக்கே மனசு கனத்தது.

"உறை உன் பையில இருக்கு. எடும்மா."

பெண் பையை மடியோடு அணைத்துக்கொண்டாள்.

"எட்டு மாசமா இவங்க உனக்கு அத்தை. காலையில உள்ள வரும்போதும் அத்தை. இப்ப பெரியம்மா. உங்கம்மாவுக்கு இவங்க கூடப்பிறந்த அக்கான்னு அந்தப் படத்தைப் பார்த்தவங்களுக்கு மட்டும்தான் தெரியும். அண்ணன் பிள்ளையும் தங்கச்சி பிள்ளையும்னா கட்டிக்கற முறை. இது அக்கா பிள்ளையும் தங்கச்சி பிள்ளையும். அவன் உனக்கு அண்ணன்."

பெண் மடித்த தாளை எடுத்து நீட்டினாள். "நாளைக்கு ஒருநாள் தாண்டட்டும்னு நெனச்சேன். அப்புறம் யாருக்கும் தெரியாம கிழிச்சிடலாம்னு."

"பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டுடுமா?" ஏட்டம்மா மெதுவாகத்தான் கேட்டாள்.

தையல்காரி தாளின் கோடுகளை விரலால் தொட்டுக்கொண்டே போனாள். தன் பெயருக்குப் பக்கத்தில் பெண்ணின் அம்மா பெயர்.

"நேத்துகூட சம்பந்தின்னு கூப்பிட்டேனே. என் தங்கச்சியா அவ?" தங்கை கிடைத்த சந்தோஷத்தில் அழுதாள். அந்தப் பெண்ணின் முகத்தை மட்டும் அவளால் பார்க்க முடியவில்லை.

பெண் வாசலுக்கு நடந்தாள். டிரைவர் அவளைக் கூப்பிட வாயெடுத்தான். எட்டு மாதமாகக் கூப்பிட்ட செல்லப்பெயர் வரவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை.

அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டாள்.