ஓடுதளத்தின் கடைசி முப்பது அடி

அலறல் கேட்டபோது கலியபெருமாள் வேலிக்கு வெளியே நின்றிருந்தார்.

அலறியது தானே என்பது பிறகுதான் அவருக்குப் புரிந்தது!

குட்டி விமானம் ஓடுதளம் முடிந்தும் நிற்கவில்லை. வாய்க்கால் சுவரில் மோதி... கவிழ்ந்தது.

உள்ளே, தனியாக ஓட்டிவந்த அவருடைய ஒரே மகள் கார்குழலி. வயது இருபத்து மூன்று.

மூச்சு இல்லை.

மூன்றாம் நாள். லாஸ்பேட்டைக்கு அப்பால் அந்தத் தனியார் விமானப் பயிற்சிப் பள்ளியின் அலுவலகம்.

"இது சின்ன ரன்வே பெரியவரே" என்றார் பயிற்சியாளர் சந்திரமோகன். "மெதுவா வந்து, ஆரம்பத்துலயே தொட்டு, உடனே பிரேக் பிடிக்கணும். உங்க பொண்ணு வேகமா வந்துட்டா. அவ தப்புதான். ஃபைல்ல அப்படித்தான் எழுதப் போறோம்."

கலியபெருமாளின் முதுகு நிமிர்ந்தது. வைத்திக்குப்பத்தில் மூன்று தலைமுறையாகப் படகு வைத்திருக்கும் குடும்பம்!

"வாத்தியாரே... நான் கண்ணால பார்த்தேன். மொத வெள்ளைக் கோட்டு மேலயே சக்கரம் பூ மாதிரி உக்காந்துச்சு. எம்மாம் அலையிலயும் படகைப் பதமா கரையேத்துற வம்சம் நாங்க. எம் பொண்ணு மேல தப்புன்னு எழுதினீங்க... இந்த நாற்காலிய விட்டு எழுந்திருக்க மாட்டேன்!"

"ஏரோப்ளேனும் படகும் ஒண்ணா?"

"ரெண்டும் கரை சேரணும்ல்லய்யா!"

கதவு திறந்தது.

இன்ஸ்பெக்டர் கலைவாணன். கையில் ஒரு காகிதம்.

"பெரியவர் சொல்றதுதான் சரி. கேமராவுல பார்த்துட்டோம். வேகமும் சரி, தொட்ட இடமும் சரி. பிரேக்தான் பிடிக்கலை."

"ஏன் சார்?" என்றார் சந்திரமோகன்.

"ரெண்டு சக்கரத்து பிரேக் தட்டுலயும் எண்ணெய்! மெல்ல உருளும்போது தெரியாது. வேகத்துல அழுத்தினா வழுக்கிடும். எவனோ தடவியிருக்கான். இது கொலை!"

சந்திரமோகன் வெளிறினார். "நா... நான் இல்லை சார்!"

கலியபெருமாள் துள்ளி எழுந்தார்.

"பார்த்தியா வாத்தியாரே! எம் பொண்ணு தப்பு பண்ணலை! என்ன எண்ணெய் சார்? சொல்லுங்க... தடவினவனை நானே இழுத்தாறேன்!"

"மீன் எண்ணெய்."

கலியபெருமாள் தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தார்.

விபத்து நடந்த அன்று காலை அவர் படகிலிருந்து நேராக இங்கே வந்திருந்தார். 'இங்கயே நில்லுப்பா, கையெழுத்து போட்டுட்டு ஓடியாறேன்' என்று அவரை விமானத்தின் அருகே நிறுத்திவிட்டு கார்குழலி உள்ளே போனாள். சக்கரத்துக்குள் பளபளத்த இரும்புத் தட்டில் லேசாகத் துரு. உப்புக் காற்று! மகள் ஏறும் வண்டியில் துருவா? படகு இரும்புக்குத் தடவும் மீன் எண்ணெய்த் துணி இடுப்பில் இருந்தது.

அழுந்தத் தடவினார். இரண்டு சக்கரத்துக்கும். பெருமையாக...

இப்போது வாயை மூடிக்கொண்டால் பழி வாத்தியார் தலையில் விழும். குடும்பப் பேர் தப்பும்.

"சார்... கார்குழலி சரியாத்தான் இறக்கினான்னு எழுதிட்டீங்களா?"

"எழுதியாச்சு. கொலைகாரன்தான் கிடைக்கணும்."

கலியபெருமாள் துண்டால் முகத்தைத் துடைத்தார். இரண்டு கைகளையும் நீட்டினார்.

"துரு பிடிக்கக் கூடாதுன்னு தடவினவன் நான்தான் சார்... மாட்டுங்க விலங்கை. பெரிய மார்க்கெட்ல கூட உங்களுக்கு இவ்ளோ சல்லிசா ஆள் கிடைக்க மாட்டான்!"