உருகா, உகுருவா?

குக்கரைத் திறந்து ரொட்டியை வெளியே எடுத்தாள் இருளாயி. விரலால் தட்டினாள். டக் டக் என்று சத்தம் வந்தது.

"முத்து, இதை வச்சு ஆணி அடிக்கலாம் போலருக்கே!"

மகள் முத்துமணிக்குச் சிரிப்பு வரவில்லை. ரேடியோவில் சொன்ன செய்முறையைக் கேட்டு எழுதியவளே அவள்தான்.

ராமநாதபுரத்திலிருந்து அவர்கள் ஓசூருக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது. அப்பாவுக்கு இங்கே தொழிற்சாலை வேலை. வீட்டு ரேடியோவில் சென்னை கரகரக்கும். பெங்களூரோ பக்கத்து வீட்டில் பேசுவதுபோலக் கணீரென்று கேட்கும். போன வாரம் அதில் ஓர் அம்மாள், அடுப்பில் குக்கரை வைத்தே ரொட்டி சுடுவது எப்படி என்று கன்னடத்தில் சொன்னார்.

"கன்னடமா? எனக்குத் தண்ணி பட்ட பாடு!" என்று நோட்டோடு உட்கார்ந்தாள் முத்துமணி. எல்லாம் தெருவில் விளையாடும்போது கற்ற கன்னடம்தான்.

அம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. குழாயடியில் எல்லாரையும் கூப்பிட்டுவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க வீட்டுக்கு வாங்க. நானே ரொட்டி சுட்டுத் தாரேன்!"

அடுத்த வீட்டு வெங்கடம்மா சிரித்தாள். "ஏனம்மா, ரொட்டியா? அது பேக்கரிக்காரங்க வேலை. வீட்ல ஆவுமா?"

அந்தச் சிரிப்பு அம்மாவுக்குச் சுருக்கென்று தைத்தது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மணி பதினொன்று. பேக்கரியில் கெஞ்சி வாங்கிய ஈஸ்ட் இன்னும் ஒரு தடவைக்குத்தான் இருந்தது.

"போதும்டி. தலைவலின்னு சொல்லிப் படுத்துக்கிறேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எல்லாரையும் பார்ப்பேன்?" என்றாள் அம்மா. முத்துமணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நோட்டைத் திறந்து மறுபடி படித்தாள். 'ஈஸ்ட் கரைக்கத் தண்ணீர் – உருகு பெச்சகே.' பெச்சகே என்றால் சூடு. உருகு என்றால், வெண்ணெய் உருகுகிற மாதிரி நல்ல சூடு. அதனால்தான் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றச் சொன்னாள். இதில் எங்கே தப்பு?

அப்போது வெங்கடம்மாவின் மகள் நஞ்சம்மா வாசலில் வந்து நின்றாள். மருதாணி வைத்த விரல்களை ஆட்டினாள்.

"முத்து, நன்ன உகுரு நோடே!"

"என்னது, உருகா?"

"உருகு இல்லடி, உகுரு! இதான்." நஞ்சம்மா தன் நகத்தைத் தட்டிக் காட்டினாள்.

முத்துமணி துள்ளி எழுந்தாள். "நஞ்சி, அப்போ உகுரு பெச்சகேன்னா?"

"நகம் முக்கினா சுடாத தண்ணி. கொழந்தைக்கு ஊத்துவாங்களே, அந்தச் சூடு."

அடடா! வெதுவெதுப்பான தண்ணீர்! கொதிநீரில் ஈஸ்ட் செத்துப்போனால் மாவு எப்படி உப்பும்?

"அம்மா! தப்பு உன் கையில இல்லம்மா, என் காதுல!"

விஷயத்தைக் கேட்ட அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "தண்ணி பட்ட பாடுன்ன. கொதிக்கிற தண்ணின்னு சொல்லலையேடி!"

பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

இந்த முறை முத்துமணி நகத்தை முக்கிப் பார்த்த பிறகே ஈஸ்ட்டும் சர்க்கரையும் தண்ணீருக்குள் போயின. பத்தே நிமிடத்தில் நுரை பொங்கியது. பிசைந்து மூடி வைத்த மைதா மாவு இரண்டு மடங்காக உப்பியது. குக்கரின் அடியில் மணலைக் கொட்டி, விசில் போடாமல், மாவுப் பாத்திரத்தை உள்ளே வைத்து மூடினார்கள்.

சாயங்காலம் ரொட்டி வாசம் தெருவுக்கே வந்துவிட்டது. முதல் ஆளாக வந்தவள் வெங்கடம்மாதான். ரொட்டியை விரலால் அழுத்தினாள். அது அமுங்கி, மெல்ல எழும்பியது. ஒரு துண்டைத் தின்றாள். இன்னொன்றை எடுத்தாள். மூன்றாவதும் போயிற்று.

"இருளாயக்கா, நிஜமா நீங்களே செஞ்சதா? எனக்கும் கத்துக் குடுங்க. தண்ணி எவ்ளோ சூடு இருக்கணும்?"

அம்மாவுக்கு அதுவரை ஒரு வார்த்தை கன்னடம்கூடப் பேச வந்ததில்லை. மகளை ஒரு முறை பார்த்தாள். சுண்டுவிரலை உயர்த்திக் காட்டி, ரேடியோ அம்மாள் போலவே கணீரென்று சொன்னாள்:

"உகுரு பெச்சகே!"