முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவே

தெருமுனையில் தோழி ஸ்கூட்டரோடு காத்திருந்தாள். சினிமாவுக்கு நேரமாகிவிட்டது. பேத்தி வாசல்படியில் உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தபோது, முன்னறையில் தாத்தாவின் தையல் மெஷின் சத்தம் நின்றது. அந்தப் பக்கத்தில் மெஷின் ரிப்பேர் என்றால் அவர்தான்.

"ஏ தந்தி, உங்க பாட்டியைக் கொஞ்சம் வந்துட்டுப் போகச் சொல்லு."

தந்தி என்பது தாத்தா அவளுக்கு வைத்த பெயர். தாத்தாவும் பாட்டியும் பேச்சை நிறுத்தி நாற்பது வருடமாயிற்று. மூத்த மகன் ஒரே நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது, பாட்டி ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு நர்ஸ். ட்யூட்டி முடிந்து ஓடிவந்தவளிடம் தாத்தா ஒன்றே ஒன்று கேட்டார்: "ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் பொழைச்சுதா?"

அதோடு சரி. அவர் முன்னறை, அவள் பின்னறை, நடுவே பன்னிரண்டு எட்டு வைத்தால் கடக்கும் நடை. அந்த நடையில் முதலில் அம்மா தூது போனாள். பிறகு விடுமுறைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட பேத்தி. "உங்க பாட்டி சமைச்சதை எலிகூடத் தொடாது" என்று முன்னறையில் கிளம்பும் சேதி, பின்னறை போய்ச் சேர்வதற்குள் "உப்பு கொஞ்சம் கூடவாம்" என்று ஆகிவிடும். பாட்டி எதற்கும் தலை நிமிராமல் "என்னவாம்?" என்றுதான் கேட்பாள். அவளுடைய ரப்பர் செருப்பு அறுந்தபோதுகூட அது பேத்தி கையில் முன்னறைக்குப் போய், தடித்த நூலால் தைக்கப்பட்டுத் திரும்பி வந்தது.

ஆனால் 'வரச் சொல்லு' என்று தாத்தா ஒருநாளும் சொன்னதில்லை. அது அன்று பேத்திக்கு உறைக்கவில்லை.

"உங்களுக்கு வாய் இல்லையா தாத்தா? நீங்களே கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கிவிட்டாள்.

திரும்பி வந்தபோது வாசலில் கூட்டம். தாத்தா மெஷின்மேல் கன்னத்தை வைத்துத் தூங்குகிறவர் போலக் கிடந்திருக்கிறார். முப்பத்தைந்து வருடம் நாடி பார்த்த பாட்டி, ஆறிப்போன மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கடைசியா ஏதாவது சொன்னாரா?"

"இல்ல பாட்டி."

பாட்டி இன்னும் இரண்டு வருடம் இருந்தாள். தினமும் முன்னறைப் பக்கம் தலையைத் திருப்பி "என்னவாம்?" என்பாள். அங்கே யாரும் இல்லை என்று பேத்தி சொல்வாள். கண் மூடுவதற்கு முந்தைய நாள், "ஒரு தடவை கூப்பிட்டிருந்தா போயிருப்பேன்" என்றாள். அப்போதும் தாத்தா கூப்பிட்டதைப் பேத்தி சொல்லவில்லை. தைத்த செருப்பைப் பாட்டியின் உடம்போடு அனுப்பிவைத்தாள்.

வீட்டை விற்றாயிற்று. சாவி கொடுக்கப் போன அன்று நல்ல வெயில். மெஷின் பழைய இரும்புக்காரனிடமும் பாட்டியின் கட்டில் யாரோ ஒருவரிடமும் போய்விட்டிருந்தன. வீட்டை வாங்கியவருக்காகக் காத்துக்கொண்டு நடையின் நடுவில் நின்றாள்.

மெஷின் எண்ணெய் வாசனை அடித்தது.

முன்னறையில் மிதி அசையும் சத்தம். கடகட. கடகட.

நின்றது.

"சொன்னியா?"

குரலில் கோபம் இல்லை. கேட்டுக் கேட்டுக் களைத்த குரல்.

முதுகுக்குப் பின்னால், காலியான பின்னறையிலிருந்து இன்னொரு குரல்.

"என்னவாம்?"

ஒரு வார்த்தையைக்கூட இந்தத் தடவை அவள் மாற்றவில்லை.

"உங்களைக் கொஞ்சம் வந்துட்டுப் போகச் சொன்னாரு."

கட்டில் முனகியது. ரப்பர் செருப்பு தரையில் தேய்ந்து வந்தது. ஓர் எட்டு. இரண்டு. மருந்து சோப்பு வாசனை கழுத்தருகே வந்தது. ஆறாவது எட்டில் செருப்பு நின்றது.

காதோரம் குளிர்ந்தது.

"எப்போ சொன்னாரு?"

அவள் திரும்பவில்லை. சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டு ஓடினாள்.

மூன்று மாதம் கழித்து வீட்டை வாங்கியவர் போன் செய்தார். நடையில் ஒரு ஜோடி பழைய ரப்பர் செருப்பு கிடக்கிறதாம். எத்தனை தடவை குப்பையில் போட்டாலும் மறுநாள் அதே இடத்தில் இருக்கிறதாம்.

"ஒரு வார் நூல் போட்டுத் தைச்சிருக்கும்மா. உங்க வீட்டுதா?"

"எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கு?"

"முன்னறைப் பக்கம். நட்ட நடுவுல."

அவள் போனை வைத்தாள். இன்னும் ஆறு எட்டு.