அந்தப் பக்கத்துக் கனம்

படம் நேராகத்தான் இருந்தது. துளசி ரசமட்டத்தைச் சட்டத்தின் மேல் வைத்துப் பார்த்தாள்; குமிழி கோடுகளுக்கு நடுவில் அசையாமல் நின்றது. முக்காலியிலிருந்து இறங்கி, வாசற்கதவுவரை பின்னுக்கு நடந்து போய் நிமிர்ந்தபோது, படம் மறுபடி இடப்பக்கம் சாய்ந்து தெரிந்தது. படம் மட்டுமில்லை. புதிதாக மாட்டிய திரைச்சீலை, தரைவிரிப்பு, மேலே தொங்கிய மூங்கில் விளக்கு, எல்லாமே ஒரு பக்கம் மட்டும் மூட்டை ஏற்றிய படகு போல இடப்பக்கம் தாழ்ந்திருந்தன.

"மலைய உடைக்கிறான்லா," என்றான் அவள் கணவன் தர்மேந்திரன், கைப்பேசியிலிருந்து கண்ணெடுக்காமல். "வெடி வச்சா வீடு ஆடத்தான் செய்யும்."

அவன் சொன்னதில் பொய்யில்லை. ஈப்போ நகரத்தின் ஓரத்தில், அவர்கள் வீட்டுக்குப் பின்னால் நின்ற சுண்ணாம்பு மலையில் பாதியைக் காணோம். மத்தியானங்களில் வெடிச் சத்தம் காதுக்கு வருமுன்பே அலமாரிக் கண்ணாடி கிலுகிலுக்கும். சாயங்காலம் மேசையைத் துடைத்தால் துணியில் வெள்ளையாக மாவு ஒட்டும். ஆனால் வெடி ஒரு வீட்டை எப்போதும் ஒரே பக்கமாகவா தள்ளும்?

அறைகளைப் பற்றித் துளசிக்குத் தெரியாததில்லை. வீட்டை அழகுபடுத்துவது எப்படி என்று அவள் போடும் காணொளிகளுக்காக லூமுட்டிலும் தைப்பிங்கிலும்கூடப் பெண்கள் காத்திருந்தார்கள். ஒவ்வோர் அறைக்கும் எடை உண்டு என்பாள் அவள். அடர்ந்த நிறம் கனம், வெளிர் நிறம் லேசு. ஒரு மூலையில் பெரிய அலமாரி நின்றால் எதிர் மூலையில் உயரமான செடி ஒன்றை வையுங்கள். கண் எங்கும் இடறாமல் அறையைச் சுற்றி வர வேண்டும். ஊருக்கெல்லாம் சொன்னவளுக்குச் சொந்த ஹால்தான் அடங்கவில்லை.

அந்த ஹால் முன்பு பாதியளவுதான் இருந்தது. நடுவில் ஒரு சுவர். சுவருக்கு அப்பால் சரளாவின் அறை.

சரளா தர்மேந்திரனின் அக்கா. பீடோருக்கு உள்ளே இருந்த ரப்பர் தோட்டத்தை விற்று, லயத்து வீடுகளில் குடியிருந்த சனங்களை வெளியே அனுப்பியபோது அவளுக்கு இருபதுகூட ஆகவில்லை. தம்பி பள்ளிக்கூடப் பையன். தாய் தகப்பன் இல்லை. அவனைக் கையில் பிடித்துக்கொண்டு ஈப்போவுக்கு வந்தாள். ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். அவனைப் படிக்க வைத்தாள், இந்த வீட்டை வாங்கி அவன் பேரிலேயே எழுதினாள், தனக்கென்று ஒரு கல்யாணம் செய்துகொள்ள மறந்தே போனாள். வேலை விட்டு வரும்போது அவள் கையில் புளித்த ரப்பர் பாலின் வாடையும் அமோனியா நெடியும் இருக்கும். எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. துளசி கல்யாணமாகி வந்த முதல் வாரமே அந்த வாடைக்குச் சன்னலைத் திறந்து வைத்தவள்.

சரளாவுக்கு முழங்கால் போன பிறகு, "அக்காவப் பாத்துக்க ஆள் இருக்கிற எடமா பாப்போம்," என்று பேச்சை எடுத்ததும் துளசிதான். சொல்லும்போதே சுவரில்லாத ஹால் அவள் கண்ணுக்குள் நின்றது. பீடோரில் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்தது. சரளா சண்டை போடவில்லை. போர்வையை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"பீடோர்ல இப்ப தண்ணி நல்லாருக்குமா தம்பி?"

"நல்லாருக்கும்க்கா. வாரா வாரம் வாரேன்."

அதற்குப் பிறகு தர்மேந்திரன் ஒரு தடவைகூடப் போகவில்லை. துளசியும் நினைவுபடுத்தவில்லை. சுவரை இடித்த அன்று ஹாலுக்குள் வந்து விழுந்த வெயிலைப் பார்த்து இருவருமே சிரித்தார்கள்.

இப்போது இடப்பக்கம், பழைய அறை இருந்த பக்கம், எதை வைத்தாலும் அமுங்கியது. அலமாரியை வலப்பக்கம் தள்ளினாள். செடியை மாற்றினாள். கருநீலத் திரையைக் கழற்றிவிட்டு மெல்லிய வெள்ளைத் திரை போட்டாள். கடைசியில் அந்தப் பக்கம் மிஞ்சியது வெளிர் மஞ்சளில் ஓர் ஒற்றைச் சோபா மட்டும். அதற்கு நேர் எதிரே, வலப்பக்கத்தில், அதேபோல இன்னொன்று. காலியான பிறகும் அந்தப் பக்கம் கனத்தது. மழைக்கு முன் காற்று நிற்கும் வேளைகளில் சுவரின் புதுச் சாயத்தின் மணத்துக்கு அடியிலிருந்து மெதுவாக, பழைய துணியைப் பிரித்தது போல, அந்தப் புளித்த வாடை எழுந்து வந்து அவள் நாக்கில் உட்கார்ந்தது.

சனிக்கிழமை, காணொளி எடுத்துத் தரும் ஷாமினி வந்தாள். வானம் கறுத்திருந்தது. கைப்பேசியை உயர்த்திப் பிடித்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"அக்கா, அந்தப் பக்கம் கனமா இருக்கே."

"அங்க ஒண்ணுமே இல்லையே. ஒரு சோபாதான்."

"தெரியல லா. படத்துல அப்படித்தான் விழுது. நீங்க இந்தப் பக்க சோபாவுல உக்காருங்க பாப்போம்."

துளசி வலப்பக்கத்துச் சோபாவில் உட்கார்ந்தாள்.

"ஆங். இப்ப சரியா இருக்கு. அப்படியே இருங்க."

படமெடுக்கும்போதே ஷாமினியின் கை இறங்கியது. கைப்பேசித் திரையைப் பார்த்தாள், எதிர் சோபாவைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். மழை வரப்போகிறது என்றாள். தேநீர் வேண்டாம் என்றாள். வெளிவாசல் கதவைச் சாத்தாமலே காரை எடுத்துக்கொண்டு போனாள்.

மழை தகரக் கூரையில் சடசடவென்று இறங்கியது. துளசி எழுந்திருக்கவில்லை, எதிர் சோபாவிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. முதலில் இடது கைப்பிடியின் துணி சுருங்கியது. பிறகு வலது கைப்பிடி. கொஞ்ச நேரம் அப்படியே. பிறகு, முழங்கால் சரியில்லாதவர்கள் கையை ஊன்றி மெல்ல மெல்ல உடம்பை இறக்குவது போல, சோபாவின் மெத்தை நடுவில் குழிந்தது. குழிந்து நின்றது.

சரளா இறந்துவிட்டாளோ என்றுதான் துளசிக்கு முதலில் தோன்றியது. அந்த நினைப்பில் ஒரு சொட்டு நிம்மதியும் இருந்தது. இல்லத்துக்கு அழைத்தாள்.

"கலாதேவி பேசுறேன்," என்றது இல்லத்தில் வேலை செய்கிற ஒரு பெண்ணின் குரல்.

"அங்க இருக்கிற சரளா... நான் அவங்க தம்பி பொண்டாட்டி. எப்படி இருக்காங்க?"

"இப்பயாச்சும் கேட்டீங்களே. நல்லாதான் இருக்காங்க. குடுக்கறத சாப்பிடுறாங்க. ஒடம்புலதான் எடை நிக்க மாட்டேங்குது. காலைல குளிப்பாட்டத் தூக்குனேன், காஞ்ச துணி மாதிரி இருந்தாங்க. நிறுக்கிற மெஷின்ல நிக்க வச்சா முள்ளு அசையல."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"மெஷின மாத்தச் சொன்னாரு."

"இப்ப என்ன பண்றாங்க?"

"கட்டில்ல உக்காந்திருக்காங்க." குரல் தாழ்ந்தது. "மெத்தை அமுங்கவே இல்ல. எனக்கே பாக்க ஒரு மாதிரியா இருக்கு."

துளசி கைப்பேசியை மடியில் வைத்தாள். வெளியே ஓடிவிட வேண்டும் என்று கையை ஊன்றிப் பாதி எழுந்தாள். அவள் எழுந்த அளவுக்கு ஹால் சாய்ந்தது. நடுமேசையில் இருந்த கண்ணாடிக் குடுவை கரகரவென்று இடப்பக்கம் நகர்ந்தது. சுவரில் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உரசின. மூங்கில் விளக்கு இடப்பக்கச் சன்னலை நோக்கிப் போய் அங்கேயே நின்றது, திரும்பி வரவில்லை. அலமாரி ஒரு காலைத் தூக்கியது.

அவள் தொப்பென்று உட்கார்ந்தாள்.

எல்லாம் நின்றது.

"அக்கா," என்றாள். அந்த வீட்டில் சரளாவைத் துளசி வாய் நிறைய அப்படி அழைத்ததில்லை. "அக்கா, நாளைக்கே வந்து கூட்டிட்டு வாரோம். அந்த ரூமு அப்படியே கட்டித் தாரேன்."

மழைச் சத்தம். அமோனியா நெடி. கண் எரிந்தது.

எதிரே குழி இன்னும் ஆழமானது. அப்போதுதான் துளசி தன் சோபாவைக் கவனித்தாள். அடியில் மெத்தை நிமிர்ந்துகொண்டிருந்தது. மெதுவாக. மாவு உப்புவது போல. தொடைகளுக்கு இரு பக்கமும் இருந்த சுருக்கங்கள் நீவிவிட்டாற்போல மறைந்தன. காலைத் தரைவிரிப்பில் அழுத்தினாள். விரிப்பின் மயிர் மடியவில்லை. மறுபடி அழுத்தினாள்.

மடியவில்லை.

எழுந்திருக்கப் பார்த்தாள். இந்த முறை ஹால் சாயவில்லை. குடுவை அசையவில்லை. அவளும் அசையவில்லை. கைப்பிடியைப் பற்றிய விரல்களில் துணி படவில்லை.

தெருமுனைத் தொழுகைக்கூடத்திலிருந்து அந்தி நேரத்து மக்ரிப் பாங்கு மழையினூடே நைந்து வந்தது. வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. சாவி. செருப்பு. மழைக்காக முன்பின்னாக மாட்டிய ஜாக்கெட்டோடு தர்மேந்திரன் உள்ளே வந்தான்.

துளசி அவன் பேரைச் சொல்லிக் கத்தினாள். அவள் காதுக்கே அது விழவில்லை.

அவன் இடப்பக்கம் பார்த்தான். பல நாளாக இறங்காத ஏதோ ஒன்று அவன் தோளிலிருந்து இறங்கியது.

"என்னக்கா, லைட்டு போடாம உக்காந்திருக்க," என்றான். விளக்கைப் போட்டான். ஹாலைச் சுற்றிப் பார்த்தான். "நல்லா இருக்குல்ல இப்ப? பாக்க நெறவா இருக்கு."

இடப்பக்கச் சோபாவை நோக்கித் தலையைச் சாய்த்து எதையோ காதில் வாங்கினான். சிரித்தான்.

"துளசியா? எங்க போனாளோ. விடுக்கா, அவ அப்படித்தான்."

ஈர ஜாக்கெட்டைக் கழற்றி உதறினான். வைக்க இடம் தேடுகிறவன் போல வலப்பக்கம் திரும்பி, துளசியின் முகத்துக்கு நேராகக் குனிந்து, அவள் உட்கார்ந்திருந்த சோபாவின் மேல் போட்டான். அது அவள் தோளில் தங்கவில்லை. மார்பில் தங்கவில்லை. மடியிலும் தங்கவில்லை. நிமிர்ந்திருந்த மெத்தையின் மேல் தட்டையாக விழுந்து படிந்தது. அதன் கைகள் இரண்டும் இரு பக்கமும் ஒரே அளவாகத் தொங்கின; இரண்டின் நுனியிலிருந்தும் மழைத்தண்ணீர் தரைவிரிப்பில் சொட்டிக்கொண்டிருந்தது.