ஆறு மணி நேரப் பொய்

"பத்தாயிரத்து அறுநூறு கிலோமீட்டரா? அம்மா கேட்டா பாதியச் சொல்லுங்க லா, மிஸ்..."

பிரிக்ஃபீல்ட்ஸ் விமான டிக்கெட் கடையில் லோகேஸ்வரி நிமிர்ந்தாள். எதிரே மழையில் நனைந்த தலை. குறும்பை மறைக்கத் தெரியாத கண்கள். கிள்ளான் ஊர்க்காரன் முகுந்தன், லண்டனில் இரண்டு வருட வேலைக்குப் போகிறவன்.

"இங்க பொய் விக்கிறதில்ல சார்."

"பொய்யா? இங்க ராத்திரி 11.55, அங்க காலைல 5.55. டிக்கெட்லயே ஆறு மணி நேரம்தானே?"

"ரெண்டு ஊருக்கும் ஒரே கடிகாரமா? பதினாலு மணி நேரம் பறக்கணும்."

"ஆறு மணி நேரம்தான், தைப்பூசத்துக்கு பஸ்ல பினாங்கு போற நேரம்தான்னு சொல்லித்தான் அம்மா விட்டாங்க. கெடுத்துடாதீங்க!"

சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அதன்பின் நான்கு முறை வந்தான். ஒவ்வொரு முறையும் அதே தூரத்தைக் கேட்டான். போனிலேயே பார்க்கலாமே என்று அவளும் சொல்லவில்லை...

கடைசி நாள், "போகட்டுமா?" என்றான், மெதுவாக.

'போகாதீங்க' என்று சொல்ல நினைத்தாள். "ரீஃபண்ட் கிடையாது சார்" என்றது வாய். அவன் முகம் சுருங்கியது. திரும்பிப் பார்க்காமல் போனான்.

அவன் விமானம் ஏறிய மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, லோகேஸ்வரி கடை திறக்க வந்தபோது, பூட்டிய வாசலில் டிக்கெட் நகலோடு ஓர் அம்மாள் நின்றிருந்தார்.

"முகுந்தனோட அம்மா, வள்ளியம்மா. 5.55க்கு எறங்கணும்மா... போன் போகல. ஏதாச்சும்..."

முடிக்கவில்லை. ஒரு விமானம் கிளம்பிப் போய்க் காணாமலே போன இந்த ஊரில் அந்த வாக்கியத்தை யாரும் முடிப்பதில்லை.

லோகேஸ்வரி உண்மையைச் சொன்னாள். நம் கணக்கில் பகல் 1.55க்குத்தான் இறங்கும்.

"அப்போ இன்னும் ஆகாசத்துலயா இருக்கான்?" வள்ளியம்மா அவள் கையைப் பற்றினார்.

இருவரும் கணினித் திரையின் முன் உட்கார்ந்தார்கள். வரைபடத்தில் சின்ன விமானம் ஊர்ந்தது. பதினொரு மணிக்கு, கருங்கடல் அருகே, அது மறைந்தது.

'சிக்னல் விட்டிருக்கும், வந்துரும்.' எத்தனை பேருக்கு இதைச் சொல்லியிருப்பாள்! இன்று அதை அவளாலேயே நம்ப முடியவில்லை. அவனைத் தடுக்க ஒரு வார்த்தை போதுமாக இருந்ததே... வெளியே மழை. இருபது நிமிடம் கழித்துத்தான் விமானம் மறுபடி தெரிந்தது. அப்போதும் அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

2.10க்கு வள்ளியம்மாவின் போன் அடித்தது.

"பாவி! பினாங்கா இது?" திட்டினார், அழுதார், ஸ்பீக்கரில் போட்டு நீட்டினார். "இந்தப் பொண்ணும் பச்சைத் தண்ணி குடிக்காம உக்காந்திருக்குடா."

"மிஸ்... நீங்களா?"

லோகேஸ்வரி போன் பக்கம் குனிந்தாள்.

"உங்கம்மாவைவிட நான்தான் அதிகமா பயந்துட்டேன்" என்றாள். "ஏன்னா... எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு."

அந்தப் பக்கம் விமான நிலையத்து அறிவிப்பு ஒன்று மட்டும் கேட்டது. லோகேஸ்வரி கண்களை மூடிக்கொண்டாள்.

"வாயத் தொறடா முகுந்தா!" வள்ளியம்மா போனைப் பார்த்துக் கத்தினார். "புள்ள நடுங்குது!"