கோயில் பையில் கிடைத்த றம்பொடை நோட்டு

மழையில் நனைந்து வந்த ஜெயந்தினி டீச்சர் உட்காரக்கூட இல்லை.

"சேர், செத்துப்போன எங்கப்பாவ திருடன்னு சொல்றாங்க. சாயங்காலம் கோயில்ல கூட்டம். எங்கள தோட்டத்து லய வீட்ட விட்டே போகச் சொல்லப் போறாங்க."

பொலிஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற செபமாலை நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் போகுமிடமெல்லாம் ஆட்டோ ஓட்டிக்கொண்டு கூடவே போகும் திலக்ஷன் வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டான்.

2009 தேர்த் திருவிழாவில் கோயில் பணப்பை காணாமல் போனது. கோயில் சபைத் தலைவர் சன்னாசி அதைப் பொருளாளரான அவளுடைய அப்பா வீரய்யாவிடம் கொடுத்ததாகச் சொன்னார். வீரய்யா வாங்கவே இல்லை என்றார். யாரும் நம்பவில்லை. அதே வருடம் அந்த மனவேதனையிலேயே அவர் இறந்தார். நேற்று அவருடைய லய வீட்டின் ஓட்டை விழுந்த சுவரை இடித்தபோது, மேசன் நிரஞ்சன் கையில் அந்தப் பை பணத்தோடு அகப்பட்டது.

"மேசன அனுப்பினது யாரு?"

"தலைவர்தான். பழைய விஷயத்த மறுபடி விசாரிங்கன்னு நான் கேட்டதுலயிருந்து மொறைச்சிக்கிட்டே இருந்தாரு. போன வாரம் திடீர்னு வந்து, சுவரப் பார்த்துட்டு, செலவு தன்னோடதுன்னு சொன்னாரு. நான் ஸ்கூல்ல. அம்மா அடுப்படியில."

கோயிலில் பையை அவிழ்த்த செபமாலை, ஒரு நோட்டை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தார். பிறகு திலக்ஷனின் காதில் ஏதோ சொன்னார். ஆட்டோ லிந்துலை டவுனுக்குப் பறந்தது.

திலக்ஷன் திரும்பி வந்தபோது பனிமூட்டம் கோயிலை மூடியிருந்தது. கூட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. அவன் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினான்.

"தலைவரே, இது அதே பைதானா?" என்றார் செபமாலை.

"அதேதான். கோயில் முத்திரை இருக்குல்ல."

"பணமும் அதேதானா? யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? நானே அடுக்கிக் கட்டின ஆயிர ரூபா நோட்டுங்க. சாமி சத்தியமா அதேதான்."

செபமாலை ஒரு நோட்டை விளக்கருகே பிடித்தார். "இதுல என்ன படம் இருக்கு, திலக்ஷன்?"

"கிளி, சேர். அப்புறம் நம்ம றம்பொடை சுரங்கப்பாதை."

"இந்த நோட்டு 2011லதான் வெளியில வந்துச்சு. வீரய்யா 2009ல செத்துட்டாரு."

லிந்துலைக் கடைக்காரர் ஒருவர் ஞாபகத்துக்காக வைத்திருந்த பழைய ஆயிரம் ரூபாயைத் திலக்ஷன் நீட்டினான். அது அகலமானது. படமும் வேறு.

"அன்னைக்குப் பையில இருந்தது இந்த மாதிரி நோட்டுதான். புதுசு தினமும் கையில புழங்குறதால பழச எல்லாரும் மறந்துட்டோம்" என்றார் செபமாலை. "பை பழசு, பணம் புதுசு. அப்ப, இவ்வளவு வருஷமா அந்தப் பைய வச்சிருந்தவன்தான் பணத்த எடுத்தவன். எடுத்தது செலவாகிப்போச்சு. டீச்சர் கிளறவும் பயந்துபோய், கையிலிருந்தத நிரப்பி ஓட்டையில சொருகிட்டான். அந்தச் சுவர்கிட்ட தனியா நின்னது நீங்க ஒருத்தர்தான். அதே நோட்டுன்னு இப்ப சத்தியம் பண்ணினதும் நீங்கதான்."

சன்னாசி சாமியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "அன்னைக்கு வட்டிக்காரன் கழுத்த நெரிச்சான்" என்றார். நிரஞ்சன் பொலிசுக்குப் போன் எடுத்தான்.

யாரோ பையை ஜெயந்தினியிடம் நீட்டினார்கள். அவர் தொடவில்லை.

"அப்பா எடுக்கலன்னு மைக்குல சொல்லுங்க. எல்லா லயத்துக்கும் கேக்கணும்."

பூசாரி ஒலிபெருக்கியைப் போட்டார். வீரய்யாவின் பெயர் பனிக்குள் மலை மலையாகப் போய்ச் சேர்ந்தது. கீழே லயக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறப்பது திலக்ஷனுக்குக் கேட்டது.